அடுத்த அறைக் குரல்

"மாமா, அக்கா ஒரு கேள்வி கேக்கச் சொன்னா. கேக்கவா?"

"கேளு."

"அந்தப் பாட்டுல அவ பாடியிருக்காளா, இல்லையான்னு கேக்கறா."

ஞாயிற்றுக்கிழமை காலை. பல் தேய்த்த நுரையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்ற சவுண்டுக்கு முதலில் கோபம் வரவில்லை. இவர்களுக்கெல்லாம் காதில் என்ன கோளாறு என்ற பரிதாபம்தான் வந்தது. மூன்று வாரமாக இழைத்து இழைத்துச் செய்த வேலை. நேற்று மாலை மூன்றாவது தடவையாகத் திருத்தி அனுப்பிவிட்டு, இதில் இனிமேல் ஒரு குற்றம் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்று நிம்மதியாகப் படுத்திருந்தான்.

சவுண்டு என்பது அவன் பெயர் இல்லை. ஒரு பெரிய ஹோட்டலின் மீட்டிங் ஹாலில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். முதலாளிகள் மேடையேறி மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' என்று விழிக்கும்போது எங்கிருந்தோ வந்து சரிசெய்துவிட்டுக் காணாமல் போகிறவன். சமையல்காரரிலிருந்து வாட்ச்மேன் வரை அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சவுண்டு சத்தமாக நாலு வார்த்தை பேசி அந்த ஹோட்டலில் யாரும் கேட்டதில்லை.

போனில் பேசியவன் அவன் மைத்துனன். பகலில் டயர் கடையில் வேலை, மற்ற நேரத்தில் டிரம்ஸ். அவனுடைய அக்கா, சவுண்டின் மனைவி. மனைவி என்றுதான் இன்னமும் சொல்ல வேண்டும். கோர்ட்டு, வக்கீல் என்று எதுவும் நடக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சூட்கேஸோடு அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது சமாதானம் பேச ஒரு நுனி கிடைத்திருக்கும். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை வராத கணக்கோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது என்று நோட்டை மூடுகிற மாதிரி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

போன பிறகு அவள் ஒரு பேண்டில் சேர்ந்து பாட ஆரம்பித்தாள். தம்பி டிரம்ஸ். கிடார் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். பேஸ் கிடார் வாசிக்கிற நெட்டையனுக்கு ஒட்டகம் என்று பெயர். வானொலியில் புதிய குழுக்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. மூன்று பாட்டு டெமோ அனுப்பினால், தேறுகிறவர்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். கடைசி நாள், வருகிற வியாழக்கிழமை. தனித்தனியாகப் பதிவு செய்த வாத்தியங்களையும் குரலையும் சேர்த்து, எது எவ்வளவு கேட்க வேண்டுமோ அவ்வளவு கேட்கும்படி கலக்கிற வேலையை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்ததாம். மூன்று பேரும் டீச்சர் முகத்தைப் பார்த்தார்களாம்.

"அவர் வேலையில குறை சொல்ல முடியாது. அவர்கிட்டயே குடுங்க. ஆனா நான் அங்க வர மாட்டேன்" என்றாளாம்.

சொன்ன சொல்படி வரவில்லைதான். பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடி, பென் டிரைவில் போட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். பாட்டு முடிந்த பிறகும் மைக் கொஞ்ச நேரம் ஓடியிருந்தது. "டாக்டர், தண்ணி குடுங்க. வாய் கொப்பளிக்கிற தண்ணி இல்ல, குடிக்கிற தண்ணி" என்று அவள் சொல்வதும், பின்னால் யாரோ குபீரென்று சிரிப்பதும் அதில் இருந்தது. பாட்டில் சேராத அந்தத் துண்டை சவுண்டு எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை.

டெமோவில் முதல் இரண்டு பாட்டும் டாக்டர் பாடியவை. மூன்றாவது மட்டும் அவளுடையது. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டது.

*கடைசி பஸ்ஸும் போன பின்னே*
*கை காட்டி நிற்கிறேன்.*

இந்த வீட்டில் இருந்த நாளிலேயே பிறந்த பாட்டு அது. பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்து, அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவாள். இவன் இந்தச் சின்ன அறையில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டு, ஏதாவது ஒரு பதிவைக் குடைந்துகொண்டிருப்பான். கதவு பாதி சாத்தியிருக்கும். அப்போது ஒரு நாளும் தோன்றாதது இப்போது தோன்றியது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்க இன்று ஒரு வாய்ப்புக் கிடைத்தால் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கிடைக்காது. வியாழக்கிழமை டெமோ போய்ச் சேர்ந்துவிட்டால், 'அக்கா கேக்கறா', 'அக்கா சொல்றா' என்று வருகிற இந்த இரவல் வார்த்தைகளும் நின்றுவிடும். அதற்குள் ஒரே ஒரு தடவை, அவளே, அவள் வாயால், 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட வேண்டும். மூன்று வாரமாக சவுண்டு உயிரைக் கொடுத்து உழைத்தது வானொலிக்காக இல்லை.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். மத்தவங்க என்ன சொல்றாங்க?"

மற்றவர்களுக்கும் போன் போட்டுக் கேட்டான். பேஸ் கிடாரைக் கொஞ்சம் ஏற்றினால் தேவலை என்றான் ஒட்டகம். கிடார் அமுங்கியிருப்பதாக டாக்டருக்கு வருத்தம். மைத்துனனோ, "எல்லாம் பிரமாதம் மாமா, டிரம்ஸ் மட்டும் பக்கத்துத் தெருவுல அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான். இதெல்லாம் சவுண்டுக்குப் பழக்கம்தான். குரூப் போட்டோவைக் கையில் கொடுத்தால் ஒவ்வொருவனும் தன் மூஞ்சியைத்தான் முதலில் தேடுவான். ஆனால் மூன்று பேரும் கடைசியில் ஒரே மாதிரி முடித்தார்கள்: டீச்சர் குரல் கேட்கவில்லை.

சவுண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டான். எங்கே கேட்கவில்லை? வார்த்தைக்கு வார்த்தை பளிச்சென்று இருந்தது. 'நிற்கிறேன்' என்கிற இடத்தில் குரல் லேசாக நடுங்குவதுகூடக் கேட்டது. இருந்தாலும் கேட்டதற்கு மரியாதையாக ஒரு மயிரிழை ஏற்றி, நான்காவது தடவையாக அனுப்பிவைத்தான்.

மறுநாள் மத்தியானம், ஹாலில் நாற்காலிகளுக்கு நடுவே மைக் வயரை ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மாமா, திட்டக் கூடாது. அக்கா சொன்னதை அப்படியே சொல்லவா, பாலிஷ் போட்டுச் சொல்லவா?"

"அப்படியே சொல்லு."

"'டாக்டர் பாடின ரெண்டு பாட்டுலயும் குரல் கணீர்னு இருக்கு. என் பாட்டுல மட்டும் என்னைக் குழி தோண்டிப் பொதச்சிருக்காரு. பழி வாங்கணும்னா எதுக்கு இப்படிச் சுத்தி வளைச்சு? நேரா வந்து வாங்கிக்கச் சொல்லு'ங்கறா."

சவுண்டு கையில் இருந்த ஒட்டுப் பட்டையின் சுருள் தரையில் உருண்டு ஓடியது.

"பழியா?"

"நான் இல்லன்னுதான் சொன்னேன். எங்க மாமாவுக்கு அந்த அளவுக்கெல்லாம் சாமர்த்தியம் கிடையாதுன்னு கூட எடுத்துச் சொன்னேன்."

"ரொம்ப நன்றி."

"வேற ஸ்டூடியோவுல பேசியாச்சாம். வியாழக்கிழமை காலைல நானும் டாக்டரும் அங்க உக்காரப் போறோம். புதன்கிழமை சாயங்காலம் வேன் எடுத்துட்டு வர்றேன். ரெக்கார்டிங் மொத்தத்தையும் பென் டிரைவ்ல போட்டு வெச்சிடுங்க."

"மச்சான், மனசைத் தொட்டுச் சொல்லு. உனக்கு நிஜமாவே கேக்கலையா?"

"மாமா, அவ என் சொந்த அக்கா. சின்ன வயசுலேருந்து என்னைக் கத்திக் கத்தியே வளர்த்தவ. எனக்கே கேக்கலைன்னா நீங்களே பாத்துக்குங்க."

அன்று முழுக்க சவுண்டுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. டாக்டரின் குரலுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா செய்தோம்? காதில் தெளிவாக விழுகிற ஒன்றை ஊரே சேர்ந்து இல்லை என்கிறதே?

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் அவன் அடித்தளத்துக்கு இறங்கிப் போனான். அங்கே, ஆவி கக்குகிற இஸ்திரி மெஷின்களுக்கு நடுவில், ஹோட்டலின் போர்வைகளையும் துண்டுகளையும் கட்டி ஆளுகிறவளை எல்லோரும் லாண்ட்ரி அக்கா என்பார்கள். மனதில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசத் தெரியாதவள். அவளுக்கு இந்தப் பேண்டைத் தெரியாது, பாட்டைத் தெரியாது, சவுண்டின் வீட்டுக் கதையும் தெரியாது.

"அக்கா, ஒரு உதவி. இந்தப் பாட்டைக் கேட்டு, காதுல விழற வார்த்தையை அப்படியே எழுதணும். விழலைன்னா புள்ளி வெச்சிடுங்க."

"என்ன, ஹோட்டல்ல பரீட்சை வெக்கிறாங்களா? பெயிலானா வேலை போயிடுமா?"

"உங்களுக்கு இல்ல. எனக்குத்தான் பரீட்சை."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, துணிக் கணக்குச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலோடு உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டு சவுண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு பதினாறு வரி. அக்கா எழுதினாள், நிறுத்தினாள், நெற்றியைச் சுருக்கினாள், ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். முடிந்ததும் சீட்டை நீட்டினாள். ஐந்து வரி எழுத்து. மீதியெல்லாம் புள்ளி.

"வாத்தியமெல்லாம் நல்லா இருக்குப்பா. பாடற பொண்ணு மட்டும் அடுத்த ரூம்ல நின்னு பாடுது. யாராவது அந்தப் பொண்ணை உள்ள கூப்பிடக் கூடாதா?"

சவுண்டு சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மெஷின் ஒன்று புஸ்ஸென்று ஆவி விட்டது. அடுத்த ரூம். கதவு பாதி சாத்திய அடுத்த ரூம். நான்கு வருஷம் அவன் அந்தக் குரலைக் கேட்டது அங்கிருந்துதான். தண்ணீர்ச் சத்தத்தோடும் பாத்திரச் சத்தத்தோடும் சுவரைத் தாண்டி வந்த அந்தக் குரல்தான் அவன் காதுக்கு அளவு. இப்போது அதே தூரத்தில், அதே மங்கலில் அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறான். விழாத வார்த்தைகளையெல்லாம் அவன் மனசே போட்டு நிரப்பிக்கொண்டுவிட்டது.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? பாஸா, பெயிலா?"

"பெயில்தான் அக்கா. நல்லாவே பெயில்."

அன்று ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய் அறையில் உட்கார்ந்தான். இனிமேல் தன் காதை நம்புவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டான். சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள்ளை மட்டும் நம்பினான். டாக்டர் பாடிய பாட்டில் முள் எங்கே நின்று ஆடுகிறதோ, அந்த இடத்துக்கு அவள் குரலை இழுத்துக்கொண்டு வந்தான். சுவருக்குப் பின்னால் இருப்பது போன்ற எதிரொலியை எடுத்தான். கிடாரைக் குரலுக்கு வழிவிட்டு ஒதுக்கினான். எல்லாம் முடித்துப் போட்டுப் பார்த்தபோது, ஒரு கணம் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்துவிட்டான். அவள் எதிரே வந்து நின்றுகொண்டு முகத்தைப் பார்த்துப் பாடுவது போல் இருந்தது. இரண்டாவது வரிக்குமேல் நிமிர்ந்து கேட்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் லாண்ட்ரி அக்கா பதினாறு வரியையும் எழுதிக் கொடுத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

"இப்ப உள்ள வந்துடுச்சு. யாரு இந்தப் பொண்ணு?"

"என் வீட்டுக்காரி."

"அடப்பாவி, வீட்டுலயே இப்படிக் குரலை வெச்சுக்கிட்டா ஹெட்போன் போட்டுக் கேக்கற?"

"வீட்டுல இல்ல அக்கா."

அக்கா சீட்டை நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு, போர்வை எண்ணப் போய்விட்டாள்.

மாலை ஐந்தரைக்கு டயர் கடை வேன் வந்து நின்றது. சவுண்டின் வீடு மூன்றாவது மாடி. ஜன்னலிலிருந்து பார்த்தான். ஓட்டுகிறவன் பக்கத்தில் யாரோ இருப்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆனால் கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்த முழங்கையை அடையாளம் தெரிந்தது. நான்கு வருஷம் சாப்பாட்டு மேஜையில் எதிரே இருந்த முழங்கை.

மைத்துனன் மூச்சு வாங்க மேலே வந்தான். "குடுங்க மாமா. அவ மேல வர மாட்டாளாம். நீங்க ஏதாவது கேட்டா வேன்லேருந்தே பதில் சொல்லி அனுப்புவாளாம்."

"இதுல ரெக்கார்டிங் மொத்தமும் இருக்கு. புதுசா ஒரு மிக்ஸும் இருக்கு. வேற ஸ்டூடியோவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கேக்கச் சொல்லு. பிடிக்கலைன்னா தாராளமாப் போங்க."

அவன் இறங்கிப் போனான். வேனின் கண்ணாடிகள் மேலேறின. மூன்று மாடி உயரத்தில் நின்றவனுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. பாட்டு மூன்றே முக்கால் நிமிஷம். இப்போது முதல் வரி, இப்போது கிடார், இப்போது மழைக்கு ஒதுங்கிய நாயைப் பற்றிய வரி என்று மனதுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு நின்றான். முடிந்திருக்க வேண்டும். வேன் கிளம்பவில்லை. இன்னொரு மூன்றே முக்கால் நிமிஷம் போனது. வேனின் கதவு திறந்தது.

அவள் வாசலில் வந்து நின்றபோது சவுண்டுக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. 'வா' என்றால் உரிமை. 'வாங்க' என்றால் அந்நியம். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கைப்பையில் சாக்பீஸ் தூள் படிந்திருந்தது.

"செருப்பைக் கழட்டணுமா?" என்றாள்.

அவள் வாங்கிப் போட்ட கால்மிதியடிமேல் நின்றுகொண்டு அவள் கேட்டாள்.

"எப்பவும் போலதான்" என்றான்.

அறைக்குள் வந்து, நாற்காலியை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "போடுங்க. பெரிய ஸ்பீக்கர்ல கேக்கணும்."

போட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது இருக்கிற முகம்தான்.

"எப்படித் திடீர்னு?"

"பழியெல்லாம் வாங்கல."

"அதை விடுங்க. அது கோபத்துல சொன்னது. எப்படித் திடீர்னு கேக்குதுன்னுதான் கேட்டேன்."

சவுண்டு லாண்ட்ரி அக்காவின் கதையைச் சொன்னான். அடுத்த ரூம் கதையையும் சொன்னான். இந்தப் பாட்டை எப்போதும் பாதி சாத்திய கதவு வழியாகவே கேட்டதால் அதுதான் சரியான அளவு என்று காது முடிவுகட்டிவிட்டது என்றான். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?"

"ஆமா."

"காதுல அந்தக் கருமத்தை மாட்டிக்கிட்டு?"

"ஒரு காதுலதான் மாட்டுவேன்."

"சும்மா சொல்லாதீங்க."

"மூணாவது வரி முதல்ல 'குடையில்லாத என்னைக் கண்டு'ன்னு இருந்துச்சு. அப்புறம் தெருவிளக்கு வந்துச்சு. ரெண்டு வாரம் தெருவிளக்குதான். அதுக்கு அப்புறம்தான் மழைக்கு ஒதுங்கின நாய் வந்துச்சு. நாய் வந்த அன்னிக்கு ஒரு தட்டு உடைஞ்சுது."

அவள் ஸ்டூலை அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே வேன் ஒரு தடவை ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"நான் யாருக்காகப் பாடினேன்னு நினைச்சீங்க?"

"பாத்திரம் தேய்க்கறப்ப சும்மா..."

"சும்மாவா? நாலு வருஷம். ஒவ்வொரு வரியையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் சத்தமாக் கூடப் பாடிப் பாத்தேன். ஒரு நாள் எழுந்து வந்து அந்தக் கதவைத் தள்ளி, இது நல்லா இருக்கு, இது கண்றாவின்னு ஏதாவது ஒண்ணு சொல்லுவீங்களான்னு. ஊர்க்காரன் மைக்குல இருமினாக் கூட அதுல நாலு குறை கண்டுபிடிக்கிறவரு. என் பாட்டுல ஒண்ணுகூடவா இல்ல?"

சவுண்டு அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்த பேண்டுல எப்படிச் சேர்ந்தேன் தெரியுமா? பல் வலின்னு டாக்டர்கிட்ட போனேன். வெளிய உக்காந்து முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன். டாக்டர் கதவைத் திறந்துட்டு வந்து, 'ரெண்டாவது வரி கடைசியில குரல் இறங்குதும்மா, ஏத்திப் பாடிப் பாரு'ன்னாரு. கன்னம் வீங்கி உயிர் போகுது எனக்கு. ஆனா அவ்வளவு சந்தோஷம். ஒருத்தர் கேட்டு, குறை சொல்லிட்டாரேன்னு."

சவுண்டு தொண்டையைச் செருமிக்கொண்டான். இரண்டு வருஷமாக, இல்லை, அதற்கும் முன்னாலிருந்தே உள்ளே கிடந்த ஒன்று மெல்ல மேலே வந்தது.

"டாக்டர் சொன்னது தப்பு."

"என்னது?"

"அந்த வரி இறங்கினதுதான் நல்லா இருந்துச்சு. 'கை காட்டி நிற்கிறேன்'. இப்ப ஏத்திப் பாடறப்ப, பஸ் தூரத்துல வர்றது தெரிஞ்ச மாதிரி ஒரு சந்தோஷம் வருது. பஸ்தான் போயாச்சே. வராதுன்னு தெரிஞ்சும் கையை நீட்டறவளுக்குக் குரல் எப்படி ஏறும்? முன்னாடி இங்க பாடினப்ப இறங்கிதான் முடியும். அதைக் கேட்டா எனக்கு..." என்று கையை விரித்தான்.

"உங்களுக்கு?"

"செஞ்சுக்கிட்டு இருக்கற வேலை கையில நின்னுடும்."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். "இதை எப்ப சொல்றீங்க?"

"இப்பதான்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு அனுப்பணும். இப்ப வந்து சொல்லி நான் என்ன பண்ண?"

சவுண்டு எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து மைக் ஸ்டாண்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். "ஒரு வரிதானே. நாலு இடத்துல வருது. பாடு."

'பாடு' என்று உரிமையோடு வந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

முதல் தடவை பாடியதும், "இல்ல, சோகமாப் பாடற. சோகம் வேணாம், சும்மா இறங்கினாப் போதும்" என்றான். இரண்டாவது தடவை, "'கை'யை இழுக்காத" என்றான். மூன்றாவது தடவை, "நாய் வர்ற வரிக்கு முன்னாடி வர்றதை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்ப மட்டும் வாய் ஓயாதே" என்றாள். ஆனால் திரும்பப் பாடினாள். ஐந்தாவது தடவை அவள் பாடி முடித்தபோது சவுண்டு ஒன்றும் சொல்லவில்லை. விசைப்பலகைமேல் வைத்த கை அப்படியே நின்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளாகவே மைக்கை விட்டு விலகி உட்கார்ந்தாள்.

புது வரிகளைப் பழைய இடங்களில் பொருத்தி, இன்னொரு தடவை கேட்டார்கள்.

"நல்லா இருக்கு" என்றாள் அவள்.

மூன்று வாரம் எதற்காக உட்கார்ந்திருந்தானோ, அது கிடைத்துவிட்டது. அவள் வாயாலேயே, மூன்று அடி தூரத்தில். ஆனால் அது போதவில்லை என்பது சவுண்டுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மூன்று பாட்டையும் அங்கிருந்தே வானொலிக்கு அனுப்பினார்கள். பேசி வைத்திருந்த ஸ்டூடியோக்காரரிடம் அவளே போன் போட்டு, நாளைக்கு யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கீழே ஹாரன் விடாமல் அலறியது. "அக்கா! வேனை ஏழு மணிக்குள்ள கடையில விடணும்! முதலாளி என் தோலை உரிச்சு டயர் பண்ணிடுவாரு!"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். முதல் படியில் கால் வைத்தபோது சவுண்டு வாசலுக்கு வந்தான்.

"நாளைக்கு வர்றியா?"

"எதுக்கு? அதான் அனுப்பியாச்சே."

"சும்மா."

"நாளைக்கு ஸ்கூல் இருக்கு."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமையும் ஸ்கூல்தான். நாங்க என்ன ஹோட்டலா நடத்தறோம்?"

"சனிக்கிழமை?"

"அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"ஞாயித்துக்கிழமை?"

அவள் கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்க ஆரம்பித்தாள்.

சவுண்டு படி மேலேயே நின்றான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டதோ என்று அவன் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். சத்தம் மறுபடி இறங்கியது. முதல் மாடி. அங்கேயும் ஒன்றும் வரவில்லை. கீழே இரும்பு கேட் திறந்து மூடியது, வேன் கதவு சாத்தியது, வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை வர முடியாதபடி அவளுக்கு என்ன வேலை என்று, வேன் மறைகிற வரைக்கும் யாரும் மேலே சொல்லி அனுப்பவில்லை.